வாய்க்காலும் கிராம சபையும் ஒரே பாடமாக: கோரிக்கை மனு

அனுப்புநர்
நாகப்பட்டினம் மாவட்ட நடுநிலைப் பள்ளிகளில் சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களின் சங்கத்தார்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், சென்னை.

பொருள்: 6 முதல் 8ஆம் வகுப்பு வரை புவியியலையும் குடிமையியலையும் சொந்த ஊரின் நிலம், நீர் வழியாக இணைத்துக் கற்பிக்க அனுமதியும் வசதியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் கடைமடைப் பிள்ளைகள். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதியே திறந்தாலும், கல்லணையில் பிரிந்து வரும் தண்ணீர் கீழையூர், தலைஞாயிறு வயல்களைத் தொடுவதற்குள் தலைமடையில் வேலை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மேலே பெய்த மழையெல்லாம் இவர்கள் ஊர் வடிகால் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றமாக இருந்தால் அதுவும் வடியாது. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளை வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துகொண்டு வருகிறது. வகுப்பிலோ ஆறுகள் புவியியலில் ஒரு பக்கம், கிராம சபை குடிமையியலில் வேறொரு பக்கம்.

அரசமைப்புச் சட்டத்தின் 11ஆம் அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் சிறு பாசனமும் நீர் மேலாண்மையும் உண்டு. அந்த வரியைத் தன் ஊர் வாய்க்காலோடு பொருத்திப் பார்க்க மாணவருக்கு நாங்கள் கற்றுத்தர வேண்டும். எந்த வாய்க்கால் நீர்வளத் துறையைச் சேர்ந்தது, எது ஊராட்சியைச் சேர்ந்தது என்று தெரியாமல் எழுதிய மனு மேசை மேசையாக அலைவதைப் பெரியவர்களிடமே பார்க்கிறோம்.

இதற்கு முதல் தேவை வரைபடம். தனித்தனிப் புலப்படம் இணையத்தில் கிடைக்கிறது. ஊர் முழுவதையும், அதன் குளம், குட்டை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கையும் ஒரே தாளில் காட்டும் கிராம வரைபடம் கேட்டுப் போன ஆசிரியர்களை, “பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு சார்?” என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். சுவரில் மாட்டும் அளவில் பள்ளிக்கு ஒரு படி வழங்க வருவாய்த் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

படம் வந்தால் சிக்கலும் வரும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பள்ளமான பகுதியில் எந்தத் தெரு இருக்கிறது, மழைத் தண்ணீர் யார் வீட்டில் முதலில் நிற்கிறது, மேட்டு மனை யாருடையது என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாதியைத் தொடாமல் அதற்குப் பதில் இல்லை. சமூக அறிவியல் என்று பெயர் வைத்துக்கொண்டு அக்கேள்வியைத் தட்டிக்கழிப்பது சரியல்ல. யார் மனமும் நோகாமல், உண்மையும் குறையாமல் பேச எங்களுக்குப் பயிற்சி வேண்டும். காணொளி இணைப்பை அனுப்பிவிட்டுச் சான்றிதழ் தரும் பயிற்சி இதற்குப் போதாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வழியாக நேரடிப் பயிற்சியே வேண்டும்.

மதகுகளை இயக்கிய ஓய்வுபெற்ற பாசனப் பணியாளர்களான லஸ்கர்களை வகுப்புக்கு அழைக்கவும் அனுமதி கோருகிறோம். முறை வைத்துத் தண்ணீர் விட்ட நாள்களில் எந்த மதகின் ஷட்டரை எவ்வளவு தூக்கினார்கள், யார் வந்து சண்டை போட்டார்கள் என்று அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைக்கு, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி காவிரி நீர் விட வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அந்த நீரை அளப்பதும் எளிதாகப் பிடிபடும்.

மாணவர் வரையும் வாய்க்கால் படத்தையும் எழுதும் மாதிரி மனுவையும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணுக்குள் ஏற்க வேண்டும். கூடுதல் பதிவேடு எதுவும் வேண்டாம். இருப்பவற்றை எழுதவே நேரமில்லை.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிய கையோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அன்றே ஊரில் கிராம சபை கூடுகிறது. 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் பெற்றோர் சம்மதத்துடன், ஆசிரியர் துணையோடு, பார்வையாளராக அமர்ந்து கவனிக்க ஊரக வளர்ச்சித் துறையுடன் கலந்து ஆணை பெற்றுத்தர வேண்டும். வருகிற ஜனவரி 26 கூட்டத்திலேயே தொடங்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ஆணை டிசம்பருக்குள் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர்

நகல்: மாவட்ட ஆட்சியர், நாகப்பட்டினம், முதன்மைக் கல்வி அலுவலர், நாகப்பட்டினம்.