கணக்குப் புத்தகம் மேகத்துக்குப் போகலாமா?

ஒரு காலத்தில் நாள்வழியும் பேரேடும் முதலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பூட்டும் சாவியும் அவருடையவை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பேரேடு அதற்குள் புகுந்தது. ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டர் அவருடைய கட்டடத்திலேயே இருந்தது. இன்றோ பேரேடு வாசற்படியைத் தாண்டி வெளியே போகலாமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

கொள்முதல், சரக்கு இருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், வரவு செலவு அனைத்தையும் ஒன்றாக இணைத்து நடத்தும் மென்பொருளை ஈ.ஆர்.பி. என்று அழைக்கிறார்கள். முன்பெல்லாம் இதை விலைக்கு வாங்கிச் சொந்த சர்வரில் ஏற்றிக்கொள்வது வழக்கம். இப்போது விற்பவர்களே தங்கள் இயந்திரங்களில் வைத்துக்கொண்டு, சந்தா வாங்கிக்கொண்டு இணையம் வழியாகத் தருகிறார்கள். 'கிளவுட்' என்பது இதுதான். மேகம் என்று பெயர் இருந்தாலும் இதில் எதுவும் ஆகாயத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், வேறொருவருடைய இயந்திரத்தில் கணக்கு இருக்கிறது, அவ்வளவே.

இந்தியாவில் இந்தக் கேள்வியை அவசரமாக்கியவை சட்டங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2023 ஆகஸ்டு முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய ஸ்தாபனங்கள், மற்ற வியாபாரிகளுக்கு விற்கும் சரக்குக்கு இ-இன்வாய்ஸ் போட வேண்டியதாயிற்று. 2023 ஏப்ரல் முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பதிவையும் எப்போது, எப்படித் திருத்தினார்கள் என்பதைத் தானே குறித்து வைக்க வேண்டும் என்பது விதி. பழைய மென்பொருளை ஒட்டுப்போட்டு ஓட்டிய ஸ்தாபனங்களுக்கு இது பெரும் தலைவலி. மென்பொருள் விற்பவர்களோ, மேகத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்கிறார்கள்.

லாபம் உண்டு

அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. சர்வருக்கென்று தனி அறை, குளிர்சாதனம், மின்தடைக் காலத்துக்கு பாட்டரி, பராமரிக்க ஒரு நிபுணர் என்று சிறிய ஸ்தாபனம் எங்கே போகும்? சட்டம் மாறினால் மென்பொருளைத் திருத்தும் பொறுப்பும் விற்பவருடையதாகிறது. நான்கு ஊரில் கிளை உள்ளவர் எந்த ஊரிலிருந்தும் இருப்பைப் பார்க்கலாம். தரைத்தளத்து அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் கணக்கை வைத்திருப்பவருக்கு, ஒரு வெள்ளமோ ஒரு திருட்டோ போதும், எல்லாம் போய்விடும்.

ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமல்லவா? உதாரணமாக, ஆள் ஒன்றுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 பேருக்கு மாதம் 60,000 ரூபாய். ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். ஐந்து ஆண்டுகளில் 36 லட்சம். பழைய கணக்கை மாற்றும் செலவும், சிப்பந்திகளைப் பழக்கும் செலவும் தனி. மாத வாடகையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு கட்டுவது தவறு. ஐந்து ஆண்டுச் செலவை, சொந்த சர்வருக்கு அதே ஐந்து ஆண்டுகளில் ஆகும் செலவோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை.

பர்மிங்ஹாம் தரும் பாடம்

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர சபை அதை அனுபவித்து அறிந்தது. சுமார் 11 லட்சம் மக்களுள்ள நகரம் அது. பல ஆண்டுகளாக எஸ்.ஏ.பி. மென்பொருளில் கணக்கு வைத்திருந்த சபை, 2022 ஏப்ரலில் ஆரக்கிள் கம்பெனியின் கிளவுட் மென்பொருளுக்கு மாறியது. முதலில் போட்ட மதிப்பீடு சுமார் 2 கோடி பவுன். 2023-ல் அது 10 கோடி பவுன் வரை போகக்கூடும் என்று தெரியவந்தது.

காரணம் என்ன? இத்தகைய மென்பொருள் பலருக்கும் பொதுவாகத் தைத்த சட்டை போன்றது. அதன் முறைக்கு ஸ்தாபனம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். சபையோ தன் பழைய வழக்கங்களை விடாமல், மென்பொருளையே அங்கங்கே திருத்தியது. வங்கிக்கு வந்த பணத்தைக் கணக்கோடு ஒப்பிடும் பகுதியும் அப்படித் திருத்தப்பட்டது. அதுவே சரியாக ஓடவில்லை. சிப்பந்திகள் கையால் ஒப்பிட வேண்டி வந்தது. 2023 செப்டம்பரில், அவசியமற்ற புதிய செலவுகளை நிறுத்துவதாகச் சபை அறிவித்தது. அதற்கு முக்கிய காரணம் சம ஊதிய வழக்குகளால் வந்த கடன் சுமை என்றாலும், இந்த மென்பொருளும் அந்தச் சுமையைக் கூட்டியது. கடைசியில், திருத்தம் இல்லாத பொது வடிவிலேயே மீண்டும் நிறுவ வேண்டும் என்ற முடிவுக்குச் சபை வந்தது.

தன் வேலை எப்படி நடக்கிறது என்பதையும், அதில் எதை மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே முடியாது என்பதையும் முதலிலேயே எழுதிப் பார்க்காதவர்களுக்கு எந்த மென்பொருளும் உதவாது.

சாவி யாரிடம்?

அடுத்தது பாதுகாப்பு. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். என்ற கம்பெனியின் தரவு மையம் தீயில் எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் விவரங்களை நிரந்தரமாக இழந்தார்கள். 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கணக்கு, கூகுள் கிளவுடில் அமைப்புப் பிழை ஒன்றினால் அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தவித்தார்கள். அந்த ஸ்தாபனம் வேறொரு கம்பெனியிடமும் நகல் வைத்திருந்தது, மீண்டெழ உதவிற்று.

2025 ஜூலையில் இந்தியாவிலேயே ஒரு சம்பவம். ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் கம்பெனி ஏறத்தாழப் பாதிப் பங்கு வைத்திருந்த நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் அதற்குத் தந்துவந்த சேவைகளை நிறுத்தியது. நயாரா டில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. சில நாட்களில் சேவை திரும்பியது. சந்தா பாக்கியில்லாமல் கட்டியிருந்தாலும், எங்கோ எடுக்கப்படும் முடிவு ஒன்று கதவை அடைத்துவிடலாம் என்பதை இது காட்டியது.

வெளியேறும் வழி

கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மின்னணுக் கணக்கின் நகல் நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். சந்தாவை நிறுத்திய மறுமாதம் பழைய கணக்கைப் பார்க்க முடியாது என்றால், அந்தக் கம்பெனி சட்டத்துக்கு என்ன பதில் சொல்லும்?

ஆகவே, முதலாளிகள் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை மூன்று. தங்கள் வழக்கத்தை மென்பொருளுக்கேற்ப மாற்றிக்கொள்ளச் சிப்பந்திகள் உட்பட எல்லோரும் தயாரா? விற்பவர் கைக்கு எட்டாத இடத்தில், படிக்கக்கூடிய வடிவில், கணக்கின் நகல் தங்களிடம் இருக்குமா? ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில், என்ன செலவில், முழுக் கணக்கும் கைக்கு வரும்?

மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால், கிளைகள் பல உள்ள, தனி நிபுணர் இல்லாத ஸ்தாபனம் தயங்க வேண்டியதில்லை. இணையம் அடிக்கடி அறுபடும் ஊரில், தனக்கே உரிய முறையில் உற்பத்தி நடத்தும் ஆலை, கணக்கையும் வரியையும் முதலில் மாற்றிப் பார்த்து, உற்பத்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சக்கர வியூகத்துக்குள் நுழைய அபிமன்யுவுக்குத் தெரிந்திருந்தது. வெளியே வரத்தான் தெரியவில்லை. அவனுடைய வீரத்தில் குறை இருந்ததாக யாரும் சொன்னதில்லை.