ஒரு துண்டு பாண்தானே!



பின்னேரம் சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வரும். பிள்ளைகள் எல்லாம் ஓடுவார்கள். என் ராத்தாவின் மகள் மட்டும் கதவடியில் நின்று பார்ப்பாள். ஒன்பது வயது. அவளுக்கு சீலியாக் என்ற நோய்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சாப்பாட்டுச் சத்து சேராது. இரண்டு வருஷமாக வயிற்றோட்டம், இரத்தசோகை, வளர்த்தியும் இல்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், ஓதியும் பார்த்தோம். கடைசியில் பரிசோதனையில்தான் தெரிந்தது.

இதை எழுதக் காரணம் என்னுடைய ஒரு பிழை. நோய் தெரிந்த பிறகும், ஆசையாகக் கேட்டாள் என்று மாலு பாணில் ஒரு துண்டு கொடுத்தேன். "ஒரு துண்டுதானே, ஒண்டும் ஆகாது" என்றேன். இரவு முழுக்க வாந்தி. வகுப்பில் சமிபாட்டுத் தொகுதி படிப்பிக்கிற டீச்சர் நான்!

சீனி வருத்தக்காரர் அளவைக் குறைப்பது போல அல்ல இது. பாண் தூளும் கூடாது. வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் இதற்கு மருந்து.

"பாண் இல்லாட்டி சோறு திண்டா சரிதானே" என்பார்கள். உண்மைதான். சோறு, அரிசிமா இடியப்பம், ஆப்பம், மரவள்ளி, ஏன் வட்டிலப்பம்கூட அவளுக்கு ஆகும். ஆனால் கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள் நமக்குத் தெரிவதில்லை. ரவை கோதுமைதான். சோயா சோஸ் பலவற்றில் கோதுமை உண்டு. மோல்ட் பானங்களில் பார்லி. கடைக் குரக்கன் பிட்டில் கோதுமை மா கலந்திருக்கலாம். ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த உளுந்து வடையும் அவளுக்கு ஆகாது. அரிப்பு, இடியப்ப உரல் எல்லாம் வேறாகவே வைக்க வேண்டும்.

கொழும்புக் கடைகளில் வெளிநாட்டுப் பாண் கிடைக்கிறது. விலை கையைச் சுடும், வாயில் வைத்தால் உதிரும். அதனால் வீட்டிலேயே சுட்டுப் பார்த்தோம். மூன்று தடவை கல்லாக வந்தது. நாலாவதுதான் பாண்.

வறுக்காத அரிசி மா 300 கிராம், மரவள்ளி மாப்பொருள் 100 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் சீனி, உப்பு, எண்ணெய், இளஞ்சூட்டுத் தண்ணீர் 400 மில்லிலீற்றர் அளவு. மாவைப் பிடித்து வைப்பது குளூட்டன்தான். அது இல்லாத குறையை இசப்கோல் ஓரளவு தீர்க்கும். பிசையத் தேவையில்லை, கேக் கலவை மாதிரித் தளர்வாக இருக்க வேண்டும். தட்டில் ஊற்றிப் பொங்க விட்டு, 190 பாகையில் ஒரு மணித்தியாலமளவு சுட வேண்டும். முழுதாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும். மறுநாள் காய்ந்துவிடும், சூடாக்கினால் சரி.

முதல் துண்டில் பட்டர் பூசிக் கொடுத்தபோது, "இது என்ட பாணா?" என்று கேட்டாள். பசிக்குச் சோறு போதும். மற்றப் பிள்ளைகளைப் போலத் தானும் என்று நினைக்க அவளுக்கு ஒரு பாண் வேண்டியிருந்தது.

நோய் இல்லாதவர்கள் மெலிய வேண்டும் என்று இதற்குச் செலவழிக்காதீர்கள், பயனில்லை. சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்த முன்னரே பரிசோதியுங்கள். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் தெரியாமல் போகலாம்.

ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திருப்பி ஜெலற்றின் இருக்கிறதா என்று பார்க்க நமக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. அதே கண்ணால் கோதுமையையும் பார்ப்பது பெரிய வேலையா? இஃப்தாருக்கு, வலீமாவுக்கு இப்படியொரு பிள்ளை வந்தால் உம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சஹனில் எல்லாரோடும் கை வைக்க முடியாவிட்டால், பக்கத்திலேயே அவளுக்கு ஒரு தனிப் பீங்கான் வையுங்கள். "செல்லம் குடுத்துப் பழக்கிட்டீங்க" என்று உம்மாவிடம் சொல்லாதீர்கள்.

அன்று அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அல்லாஹ் மன்னிப்பானாக. பிள்ளைக்காக துஆச் செய்யுங்கள்.