போமட் அடிக்க முதல் ஒரு நிமிஷம்: திரையில் பெயர் இல்லையென்றால் கணக்கு அழிந்துவிட்டதா?



லினக்ஸுக்கு லைசன்ஸ் காசு இல்லை, பழைய மெஷினிலும் ஓடும். அதனால் நன்கொடையாகக் கிடைக்கும் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுத்தான் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட கணினிகளில் வரும் ஒரு பிரச்சினையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

செட்டிங்ஸில் 'யூஸர்ஸ்' பக்கத்தைத் திறந்தால் சில பிள்ளைகளின் பெயர்கள் இருக்காது. லொகின் திரையிலும் இருக்காது. நேற்று வரை வேலை செய்த கணக்கு எங்கே என்று தேடுவோம். பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வது ஒரே பதில்தான்: "அழிஞ்சிட்டுது சேர், போமட் அடிச்சுப் புதுசாப் போடுங்க."

இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும். வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்கு போமட் பெரிய விசயமில்லை, பிரதி ஒன்று வீட்டில் இருக்கும். லயத்து வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு பாடசாலைக் கணினியில் உள்ள அந்த ஒரு ஃபோல்டர்தான் எல்லாம். சாதாரண தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு ஒரு தவணை முழுக்கச் செய்த பயிற்சிகள், தட்டச்சு செய்த கட்டுரைகள், படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இருக்கிற கணக்கை 'இல்லை' என்று நினைத்து நாமே அழித்தால், அந்த இழப்பு வசதி குறைந்த பிள்ளையின் தலையில்தான் விழும்.

உண்மையில் என்ன நடக்கிறது? லினக்ஸில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. பெயரும் எண்ணும் ஈடிசி என்ற அடைவில் உள்ள 'பாஸ்டபிள்யூடி' கோப்பில் பதிவாகும். அதுதான் பாடசாலையின் சேர்வு இடாப்பு மாதிரி. செட்டிங்ஸில் தெரிவது அதிலிருந்து தெரிவு செய்து நோட்டிஸ் போர்டில் ஒட்டிய பட்டியல். அந்தத் தெரிவைச் செய்வது 'அக்கவுண்ட்ஸ் சேர்விஸ்' என்ற புரோகிராம். பொதுவாக 1000க்குக் குறைந்த எண் உள்ள கணக்குகளை அது கணினியின் சொந்த வேலைக்கானவை என்று எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். பிரின்டருக்கும் நெட்வேர்க்குக்கும் கூட இப்படிக் கணக்குகள் உண்டு. அவை பட்டியலில் வந்தால் நமக்குத்தான் குழப்பம்.

இதில் பழைய கணினிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெடோராவில் 2011 நவம்பரில் வந்த 16ஆம் பதிப்புக்கு முன், சாதாரணப் பயனரின் எண் 500இல் தொடங்கியது. அந்தப் பதிப்பிலிருந்துதான் 1000 ஆனது. நம் நாட்டில் உருவான ஹந்தான லினக்ஸும் பெடோராவை அடிப்படையாகக் கொண்டதுதான். ஆகவே பழைய மெஷினில் 501, 502 என்று இருந்த கணக்குகளை அதே எண்ணோடு புதிய லினக்ஸுக்குக் கொண்டுவந்தால், இடாப்பில் பெயர் இருக்கும், நோட்டிஸ் போர்டில் இல்லாமல் போகலாம். பிள்ளையின் ஃபோல்டரும் 'ஹோம்' அடைவில் பத்திரமாக இருக்கும்.

நம் தெமோதரை ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ரயில் கண்ணிலிருந்து மறைந்து, வளைந்து சுற்றிப் போய், ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். ரயிலைக் காணவில்லை என்று யாரும் முறைப்பாடு கொடுப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் லொகின் திரையில் 'பட்டியலில் இல்லையா' என்ற தெரிவு இருந்தால் அதை அழுத்தி, பிள்ளையின் பயனர் பெயரைத் தட்டச்சு செய்து பாருங்கள். கடவுச்சொல்லை ஏற்றுத் திறந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது, டேர்மினலில் 'ஐடி' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பயனர் பெயரை அடியுங்கள். எண் வந்தால் கணக்கு இருக்கிறது. அப்படி ஒருவர் இல்லை என்று வந்தால் மட்டும்தான் கணக்கு இல்லை. அப்போதும் 'ஹோம்' அடைவைப் பாருங்கள், ஃபோல்டர் மிஞ்சியிருக்கலாம்.

மூன்றாவது, எதையும் மாற்ற முதல் அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள்.

நான்காவது, எண் 1000க்குக் குறைவென்றால், அட்மின் அனுமதியோடு 'யூசர்மொட்' கட்டளையில் 'யூ' தெரிவைச் சேர்த்து, வேறு யாருக்கும் இல்லாத ஒரு புதிய எண்ணைக் கொடுக்கலாம். அந்த நேரம் பிள்ளை லொகின் ஆகியிருக்கக் கூடாது. ஹோம் ஃபோல்டரில் உள்ள கோப்புகளின் உரிமையை அந்தக் கட்டளையே மாற்றிவிடும். வெளியே வைத்த கோப்புகளை நாம்தான் மாற்ற வேண்டும். பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எண் சரியாக இருந்தும் பெயர் வரவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கணக்கின் ஷெல் 'நோலொகின்' அல்லது 'ஃபோல்ஸ்' என்று இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் கணக்கால் லொகின் ஆகவும் முடியாது. அல்லது அக்கவுண்ட்ஸ் சேர்விஸ் அந்தப் பயனருக்காக வைத்திருக்கும் கோப்பில் 'சிஸ்டம் அக்கவுண்ட்' என்பதற்கு நேரே 'ட்ரூ' என்று இருக்கலாம்.

"இதுக்கெல்லாம் யாருக்கு நேரம்? போமட் ஒரு மணித்தியால வேலை" என்று சிலர் கேட்பார்கள். முதல் மூன்று படிகளுக்கு சில நிமிடங்கள் போதும். போமட் அடித்த பின் பிள்ளை ஒரு தவணை வேலையைத் திரும்பச் செய்ய எத்தனை மணித்தியாலம் என்பதையும் கணக்கில் சேருங்கள். "லினக்ஸே வேண்டாம்" என்பதும் தீர்வல்ல. கேரளாவில் அரச பாடசாலைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் படிப்பிக்கின்றன. அங்கே மென்பொருளை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் கழகங்களையும் தொடங்கினார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினி அறையிலும் ஒரு சீ.ஆர். கொப்பி வையுங்கள். பயனர் பெயர், எண், கணக்கைத் திறந்த திகதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கடவுச்சொல்லை எழுத வேண்டாம். பத்தாம் ஆண்டில் நான்கு பிள்ளைகளுக்கு மேலே சொன்ன படிகளைப் பழக்குங்கள், அதில் இரண்டு பேராவது தோட்டத்துப் பிள்ளைகளாக இருக்கட்டும். பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த முறை கணினி கொடுக்கும்போது கூடவே இரண்டு பென் டிரைவும் கொடுத்தால் பெரிய உதவி.

கணினி கொடுக்கிற அன்று படம் எடுக்கிறோம், பதிவு போடுகிறோம். அதற்குள் பிள்ளைகள் செய்து வைத்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவதும் அதே பொறுப்பின் மிச்சப் பகுதிதான். உங்கள் ஊர்ப் பாடசாலையில் கணினி அறையைப் பார்க்கும் ஆசிரியருக்கு இதைக் காட்டுங்கள்.