ஆடும் ஸ்டியரிங்கை அடக்கினால் போதுமா?

தராசு முள் ஆடினால் விரலால் பிடித்து நிறுத்திவிட்டு, எடை சரி என்று சொல்லும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. ஆனால் சரக்கு வண்டியின் ஸ்டியரிங் ஆடும்போது நம்மில் பலர் அந்தத் தவறைத்தான் செய்கிறோம். நானும் செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலையிலிருந்தும் போளூரிலிருந்தும் ஜவ்வாதுமலைக் கடைகளுக்கு மளிகைச் சரக்கு ஏறுகிறது. மலையிலிருந்து சாமை, புளி, தேன் இறங்குகின்றன. ஜமுனாமரத்தூர் வரை தார்ச்சாலை உண்டு. அதைத் தாண்டி உள்கிராமங்களுக்குப் போகும் பாதைகளில் கல்லும் பள்ளமும் அதிகம். வண்டியின் அடி தட்டக்கூடாது என்பதற்காக, ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை கொடுத்தோ, கூடுதல் பட்டை அடுக்கியோ, நீளமான ஷேக்கிள் மாட்டியோ மூன்று நான்கு அங்குலம் தூக்கிவிடுகிறார்கள். பெரிய டயரும் போடுகிறார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படித் தூக்கப்பட்ட பழைய சரக்கு ஜீப் ஒன்றை வாங்கினேன். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வெடவெடவென்று ஆடும். நின்றால்தான் அடங்கும். பட்டறையில் காட்டினேன். "ஸ்டெபிலைசர் மாட்டினால் சரியாகிவிடும் முதலாளி" என்றார்கள். மாட்டினார்கள், ஆட்டம் நின்றது. குறைந்த செலவில் முடிந்ததே என்று மகிழ்ந்தேன்.

எட்டு மாதம் கழித்து, புளி மூட்டைகளோடு மலை இறங்கும்போது ஸ்டெபிலைசரில் எண்ணெய் ஒழுகித் தீர்ந்துபோயிருந்தது. அதுவரை அது மறைத்து வைத்திருந்த ஆட்டம் ஒரே பள்ளத்தில் திரும்பி வந்தது. டிரைவர் தம்பி சமயோசிதமாக வண்டியை மலைப்பக்கம் திருப்பி மோதி நிறுத்தினார். மூட்டைகள் சிதறின, அவர் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் மனம் நடுங்குகிறது. "ஒரு வாரமாக வண்டி லேசாக இழுக்கிறது" என்று அவர் சொல்லியிருந்தார். "இந்த நடை போய் வா, பார்க்கலாம்" என்று சொன்னவன் நான்.

பிறகு ஒரு வயதான மெக்கானிக் வண்டியைப் பிரித்துக் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. ஸ்டெபிலைசர் என்பது ஷாக் அப்சார்பர் போன்ற ஓர் எண்ணெய்க் குழாய். அதன் ஒரு முனை சேஸிஸிலோ ஆக்ஸிலிலோ நிற்கும், மறுமுனை டை ராடில் இருக்கும். சக்கரத்திலிருந்து வரும் திடீர் உதறலை அது வாங்கிக்கொள்ளும். அதன் வேலை அவ்வளவுதான். தேய்ந்த டை ராடு முனையையோ, தளர்ந்த கிங்பின்னையோ, வீல் பேரிங்கையோ அதனால் சரிசெய்ய முடியாது.

வண்டியைத் தூக்கினால் இன்னொன்றும் நடக்கிறது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி மட்டமாக இல்லாமல் சரிந்துவிடுகிறது. பள்ளத்தில் ஆக்ஸில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கம்பி சக்கரத்தைத் தானாகவே திருப்பும். சக்கரம் நேருக்குத் திரும்பி வருவதற்காக ஆக்ஸிலுக்குக் கொடுத்திருக்கும் சாய்வும் மாறிவிடும். அதைப் பட்டைக்கடியில் ஆப்புத் தகடு வைத்துத் திருத்த வேண்டும். பெரிய டயரின் பாரம் எல்லா மூட்டுகளையும் சீக்கிரம் தேய்க்கும். இத்தனைக்கும் காரணம் இருக்க, நான் ஒரு குழாயை மாட்டி முடித்துவிட்டேன்.

ஸ்டெபிலைசரே வேண்டாம் என்பது என் வாதமல்ல. சில வண்டிகளில் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்புகிறார்கள். கரடுமுரடான பாதையில் டிரைவரின் கைக்கு அது நல்ல துணை. ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. முதலில் ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது அசைக்க, இன்னொருவர் கீழே குனிந்து எந்த மூட்டு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆடுவதை மாற்றி, யு போல்ட்டுகளை முறுக்கி, வீல் பேலன்சிங், அலைன்மெண்ட் பார்த்த பிறகும் தேவையென்றால் மாட்டலாம். மாட்டும்போது சக்கரம் நேராக இருக்கையில் அதன் தண்டு பாதி நீளத்தில் நிற்க வேண்டும். இரு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் அது முட்டக்கூடாது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். எனவே எந்த மாற்றத்துக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சரக்கு வண்டியைத் தூக்காதீர்கள் என்பதே என் முடிவான கருத்து. தூக்கிய வண்டியை வாங்கியிருந்தால் பழைய நிலைக்கு இறக்கிவிடுங்கள். பாதை மோசமென்றால் லோடைக் குறைத்து இரண்டு நடை போகட்டும். கூடும் டீசல் செலவு ஓர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஈடாகாது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய மாதம்தான் நம் வண்டிகள் அதிகம் ஓடுகின்றன. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுபவமுள்ள மெக்கானிக்கை வைத்து உறுப்பினர்களின் வண்டிகளை அடியில் பார்க்க ஏற்பாடு செய்யலாம். செலவைப் பங்கிட்டுக்கொள்வோம்.

உறுப்பினர்களுக்கும் ஒன்று சொல்வேன். டிரைவர் "வண்டி இழுக்கிறது முதலாளி" என்றால் அன்றைக்குச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். சரக்கு ஒரு நாள் தாமதமானால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். என் டிரைவர் இன்றும் குளிர்காலத்தில் மூட்டை தூக்கும்போது வலது கையை ஒருமுறை உதறிக்கொள்கிறார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வாரம் எனக்கு நினைவுக்கு வருகிறது.