அனுப்பப்பட்ட மருத்துவர் என்ன செய்தார்?

2020 ஜூலையில் தில்லி விமான நிலையத்தருகே எழுந்த சர்தார் வல்லபபாய் படேல் கோவிட் மருத்துவமனையை நினைவுகூருங்கள். படுக்கைகள் 1000, அவற்றுள் தீவிர சிகிச்சைக்கு 250. படுத்திருந்தோர் குடிமக்கள், மருத்துவம் பார்த்தோர் முப்படை மருத்துவப் பணியினர். படுக்கைக் கணக்கு ஊரறியும். ஒவ்வொரு மருத்துவரும் எத்தனை பேருக்குச் சுவாசக்குழாய் பொருத்தினார், எத்தனை நாள் தீவிர சிகிச்சைக்குத் தலைமையேற்றார் என்ற கணக்கன்றோ ஊரறிய வேண்டியது?

மொழியியல் பயின்ற கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. அறிவிப்புகளில் இம்மருத்துவர்கள் பெரும்பாலும் 'அனுப்பப்பட்டனர்', 'பணியமர்த்தப்பட்டனர்'. செயப்பாட்டுவினையோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. அவர்கள் செய்தது என்ன என்பதற்கு வினைச்சொல்லே இல்லை.

இது இலக்கணக் குறை மட்டுமன்று. அறுவை மருத்துவரின் கை பழக்கத்தால் வாழ்வது. அமைதிக்காலத்தில் படை மருத்துவமனைக்குப் பெருங்காயங்கள் அரிதாகவே வரும். நகரத்து விபத்துப் பிரிவுக்கோ அன்றாடம் வரும். அமெரிக்க நாடாளுமன்றம் 2016இல் இயற்றிய பாதுகாப்புச் சட்டம் படை மருத்துவர்களைக் குடிமை விபத்துச் சிகிச்சை மையங்களோடு இணைக்கச் சொன்னது. அங்கே ஒவ்வோர் அறுவைக்கும் அதன் கடினத்துக்கேற்ப மதிப்பெண் இட்டுப் போர்க்காலத் தேர்ச்சியை அளக்கும் முறையும் உருவாயிற்று.

நமக்கும் இக்கூட்டு புதிதன்று. 1947 வரை இயங்கிய இந்திய மருத்துவப் பணி, படைக்கென அமைந்ததாயினும், அதன் அலுவலர் பலர் குடிமை மருத்துவமனைகளில் பணியாற்றினர். முதல் உலகப்போரில் அவர்கள் படைக்குத் திரும்ப அழைக்கப்பட்டனர்.

இன்று மந்திர் மார்க்கிலிருந்து சிறிது தொலைவில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை; தௌலா குவான் பக்கம் இராணுவத்தின் ஆய்வு, பரிந்துரை மருத்துவமனை. இத்தகைய இரண்டும் கைகோக்கட்டும். ஆனால் பதிவேட்டோடு கைகோக்கட்டும். என்ன சிகிச்சை, தலைமையேற்றாரா உதவினாரா, நோயாளி என்னவானார்: மூன்றே பத்திகள் போதும். மருத்துவர் எங்கு மாற்றலானாலும் அப்பதிவு உடன்செல்ல வேண்டும்.

"இராணுவ இரகசியம்" என்பார்கள். குடல்வால் அறுவையின் எண்ணிக்கையில் எந்தப் படையின் இருப்பிடம் வெளிப்படும்? நோயாளியின் பெயரை நீக்கிவிட்டால் அவர் மறைவுக்கும் பங்கமில்லை. மாறாக, பதிவில்லாத கூட்டில்தான் ஏழை நோயாளி, விளைவுக்கு எவரும் பொறுப்பேற்காத பயிற்சிப் பொருளாகிறார்.

குண்டடிபட்டுக் கிடக்கும் சிப்பாய்க்குத் தன் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அவர் சார்பில் நாம்தான் கேட்க வேண்டும்: இந்தக் கை கடைசியாக எப்போது இப்பணியைச் செய்தது?