நடுக்கடலில் பேட்டரி இறங்கினால்?

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளில் இன்ஜின் ஓடும்வரை கரண்ட்டுக்குப் பஞ்சமில்லை, ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். இன்ஜின் நின்றால் எல்லாம் பேட்டரி தலையில்தான். அதுவும் இறங்கிவிட்டால் செல்ஃப் எடுக்காது, வயர்லெஸ் பேசாது, ஜிபிஎஸ் காட்டாது. பாக் நீரிணையில் இது சின்ன விஷயமில்லை. காற்றும் நீரோட்டமும் படகை எல்லைக்கு அப்பால் தள்ளினால், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகலாம்.

நெடுந்தூரம் போகும் பாய்மரப் படகுக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி. விளக்கு, வயர்லெஸுக்கு வேறொன்று. இரண்டாவதை சார்ஜ் செய்ய சோலார் பேனல்.

கணக்குப் போட்டுப் பாருங்க. எல்இடி விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் சேர்த்து 20 வாட் என்றால், 12 மணி நேர இரவுக்கு 240 வாட்-ஹவர். 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரியில் இருப்பது 1,200. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆக, கைக்கு வருவது 600. அதுவே தாராளம். 100 வாட் பேனல் ஒன்று, நம்ம ஊர் வெயிலில் நாளைக்கு சுமார் 400 வாட்-ஹவர் தரும். (உப்புப் படிந்தால் குறையும், துடைக்கணும்.)

டீசலுக்கு விற்பனை வரிச் சலுகை தரும் அரசு, இந்த ஒரு பேனலுக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் மானியம் தரலாமே?