வேதனைக்கு அஞ்சுவோனைச் சிறைக்கு அனுப்புவதா?

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. முன்னாளில் வணிகம் வளர்த்த அக்கடல்வழி இன்று நஞ்சு கடத்தும் வழியுமாயிற்று. கடற்றொழிலாளியின் மகன், கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளைக்கும் உழவனின் மகன் என்ற வேறுபாடு ஹெரோயினுக்கு இல்லை.

அதன் பிடியில் வீழ்ந்தவனை மீட்க நாம் கண்ட வழி யாது? பிடிப்பதும் அடைப்பதுமே! 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாய சிகிச்சைக்கு வழி செய்தது. ஆனால், கந்தக்காட்டு நிலையத்திலிருந்து 2022 ஜூனில் பல நூற்றுவர் தப்பியோடியதை நாடே கண்டது.

ஹெரோயினை நிறுத்திய சில மணி நேரத்தில் உடல் நோவு, வாந்தி, வயிற்றோட்டம், உறக்கமின்மை ஆகியன வந்து வாட்டுகின்றன. அவ்வேதனைக்கு அஞ்சியே இளைஞன் மீண்டும் நஞ்சை நாடுகிறான். அடைபட்டு அதனைத் தாங்கிக் கடந்தவனுக்கும் ஆபத்து நீங்கவில்லை. பழைய அளவைத் தாங்கும் வலுவை உடல் இழந்திருக்கும். வெளிவந்து அதே அளவை எடுப்பின் மூச்சடங்கி மாளவும் கூடும்.

மருத்துவ உலகமோ வேறு வழி கண்டுள்ளது. மெதடோன், பியூப்ரினோர்பின் ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. நாவின் கீழ் வைக்கப்படும் பியூப்ரினோர்பின், மூளையில் ஹெரோயின் பற்றும் இடங்களையே இறுகப் பற்றி, அளவோடு இயங்கி, வேட்கையைத் தணிக்கிறது. ஆயினும், ஹெரோயின் உடலில் நிறைந்திருக்கையில் இதனைக் கொடுத்தால், அதனைத் தள்ளிவிட்டு வேதனையைத் திடீரென எழுப்பும். ஆகவே, கடைசியாக ஹெரோயின் எடுத்து 12 மணி நேரமேனும் கழிந்து, கொட்டாவி, வியர்வை, மயிர்க்கூச்சு முதலிய குறிகள் தெளிவாகத் தோன்றிய பின்னரே வைத்தியர் 2 அல்லது 4 மில்லிகிராமில் தொடங்கி, நிலை கண்டு ஏற்றுவர். அவ்வளவு பொறுக்கவும் இயலாதோருக்கென, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர வைத்தியர்கள் 2016இல் மற்றொரு முறையை வெளியிட்டனர். பழைய பொருளை உடனே நிறுத்தாது, 0.2 மில்லிகிராமில் தொடங்கி, நாளுக்கு நாள் ஏற்றுவது அம்முறை. அயல்நாடான இந்தியாவின் பஞ்சாப் மாநிலம் 2017இல் வெளிநோயாளர் நிலையங்களிலேயே இம்மருந்தை வழங்கத் தொடங்கியது.

“ஒரு போதைக்கு மறு போதையா?” என்பர் சிலர். நீரிழிவு நோயாளி நாள்தோறும் இன்சுலின் ஏற்றுவதைப் போதை என்போமா? மருந்தின் துணையால் ஒருவன் மயக்கமின்றித் தொழிலுக்குச் சென்று, குடும்பத்தைக் காப்பானாயின், அதுவே மீட்சி. ‘ஐஸ்’ எனும் போதைப்பொருளுக்கு இம்மருந்து பயன்படாது என்பதும் உண்மை. அதற்காக ஹெரோயினுக்குப் பயன்படுவதையும் மறுப்பது நீதியாகுமா?

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில், பயிற்சி பெற்ற வைத்தியரின் மேற்பார்வையில் இச்சிகிச்சை கிடைக்க வேண்டும். முருங்கனிலும் பேசாலையிலும் இருந்து காலையில் வருபவன் மருந்து பெற்று மாலையில் வீடு திரும்ப வேண்டும். தன்னைத் தேடி வருபவனைப் பொலிசாரிடம் காட்டிக்கொடாத வைத்தியசாலையாக அது விளங்க வேண்டும். வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் உழவர் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் ஒரே குரலில் இதனைக் கேட்கட்டும். கேட்பது சலுகையன்று, எம் பிள்ளைகளின் உயிர்.